மூச்சுக்குக் காவல்

மூச்சு என்னும் சொல்லைத் தமிழில் நாம் எத்தனை வகையாக வழங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வேலையை இடைவிடாது செய்து முடித்தவனை 'ஒரே மூச்சில் முடித்தான்' என்று பாராட்டுகிறோம். ஓர் இரகசியத்தைச் சொல்லிவிட்டு, 'யாரிடமும் மூச்சு விடாதே' என்று எச்சரிக்கிறோம். மயங்கிக் கிடப்பவரைக் கண்டால் 'பேச்சு மூச்சு இல்லையே' என்று பதறுகிறோம். நாவில் இவ்வளவு பழகிய மூச்சு உடலுக்குள் எவ்வழியே செல்கிறது, அங்கே என்ன செய்கிறது என்பதை மட்டும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது தானாகவே நடக்கிறது. தானாக நடப்பதைப் பற்றி மனிதன் கவலை கொள்வதில்லை.

சுவாச உறுப்புகளின் அமைப்பையும் தொழிலையும் இன்று சற்று விளக்கிக் கூற விரும்புகிறேன். அவ்வுறுப்புகளை ஒரு கோட்டைக்கு ஒப்பிடலாம். அதன் வாயில்தோறும் இயற்கை காவலரை நிறுத்தியிருக்கிறது. அவர்கள் இரவு பகலாக விழித்திருந்து பல பகைவர்களைத் தடுக்கிறார்கள். ஆயினும் அவர்கள் அடையாளம் காண இயலாத பகைவரும் சிலர் உளர். அத்தகைய பகைவரால் இன்றும் நம் நாட்டில் உயிர்கள் மாய்கின்றன. ஆகவே எந்தக் காவலர் எதைத் தடுப்பார், எதைத் தடுக்க அறியார் என்பதைத் தெரிந்துகொள்வது நம் எல்லோருக்கும் இன்றியமையாததாகும்.

முதலில், நாம் ஏன் மூச்சு விடுகிறோம் என்று பார்ப்போம். எரியும் அகல் விளக்கை ஒரு பானையால் மூடினால் சிறிது நேரத்தில் அது அணைந்துவிடும். சுடர் எரிவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். பிராணவாயு என்று நாம் வழங்குவது ஆக்சிஜனைத்தான். பிரான்சு நாட்டு விஞ்ஞானி லவாய்சியர், லாப்லாஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த ஒரு பாத்திரத்தில் கினிப்பன்றி ஒன்றை வைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார். அது வெளிவிட்ட கரியமில வாயுவையும் அளந்து, அதே அளவு கரியமில வாயு உண்டாகும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்பதோடு ஒப்பிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தன. 1783ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இவ்வாராய்ச்சி, உயிர்களின் சுவாசமும் ஒருவகை எரிதலே, ஆனால் சுடரில்லாமல் மெதுவாக நடக்கும் எரிதல் என்பதை நிலைநாட்டியது. நாம் உண்ட உணவு உடலின் உயிரணுக்களில் பிராணவாயுவோடு கூடி ஆற்றலைத் தருகிறது. கரியமில வாயு கழிவாக மிஞ்சுகிறது. முன்னதை உள்ளே கொணர்வதும் பின்னதை வெளியே போக்குவதுமே சுவாசத்தின் வேலை.

அமைதியாக இருக்கும்போது வயது வந்த ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று சென்று மீள்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் கணக்கிட்டால் அது பத்தாயிரம் லிட்டர் அளவுக்கு வரும். உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளிவரும் காற்றில் ஏறத்தாழ 16 பங்கு. கரியமில வாயுவோ உள்ளே போகையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெளிவருகையில் ஏறத்தாழ 4 பங்கு இருக்கிறது.

இனி, காற்றின் வழியே நாமும் செல்வோம். கோட்டையின் தலைவாயில் மூக்கு. அதன் முகப்பிலுள்ள மயிர்கள் பெரிய தூசுகளை வடிகட்டுகின்றன. உள்ளே சுருள்சுருளாக அமைந்த மெல்லிய எலும்புகள் உள்ளன. அவற்றைப் போர்த்திய சவ்வு எப்போதும் ஈரமாகவும் சூடாகவும் இருக்கும். மார்கழி மாதத்து அதிகாலைக் குளிர்காற்றும் இச்சுருள்களைச் சுற்றி நுரையீரலைச் சேர்வதற்குள் உடலின் வெப்பத்தையும் போதிய ஈரத்தையும் பெற்றுவிடுகிறது. காற்றோடு வந்த தூசும் கிருமிகளும் பிசுபிசுப்பான சளியில் ஒட்டிக்கொள்கின்றன. வாயால் மூச்சு விடாதே என்று பெரியவர்கள் குழந்தைகளைக் கண்டிப்பதன் பொருள் இதுதான். வாயிலும் வழி இருக்கிறது. ஆனால் அங்கே இத்தகைய காவல் இல்லை.

மூக்கைக் கடந்த காற்று தொண்டையை அடைகிறது. இது ஒரு நாற்சந்தி. உணவின் வழியும் காற்றின் வழியும் இங்கே குறுக்கிடுகின்றன. உணவுக் குழல் பின்னாலும் மூச்சுக் குழல் முன்னாலும் இருப்பதால், நாம் விழுங்கும் ஒவ்வொரு கவளமும் மூச்சுக் குழலின் வாயைத் தாண்டியே செல்ல வேண்டும். விபத்து நேராமல் காப்பது எது? உங்கள் கழுத்தின் முன்புறத்தில் புடைத்திருக்கும் குரல்வளையின் மீது இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். குரல்வளை மேலே எழும்பி இறங்குவதை உணர்வீர்கள். அவ்வாறு எழும்பும்போது இலை போன்ற ஒரு மூடி அதன் வாயின்மேல் கவிகிறது. உள்ளேயுள்ள குரல் நாண்களும் நெருங்கி அடைத்துக்கொள்கின்றன. அந்தக் கணத்தில் மூச்சும் நின்றுவிடுகிறது. உணவு சென்றதும் வழி மீண்டும் திறக்கிறது.

உண்ணும்போது பேசினாலோ சிரித்தாலோ இந்த ஒழுங்கு குலைகிறது. ஒரு பருக்கை வழி தவறிக் குரல்வளைக்குள் நுழைய, புரையேறுகிறது. யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையைத் தட்டுவது நம் வழக்கம். உண்மையில் நம்மை நினைப்பது நம் காவலரே. அங்கே பிறக்கும் இருமல், புயல் வேகத்தில் காற்றைச் செலுத்தி அந்தப் பருக்கையை வெளியே எறிகிறது. பெரியவர்களுக்கு இந்தக் காவல் பெரும்பாலும் போதும். சிறு குழந்தைகளுக்குப் போதாது. அவர்களுடைய குழல் குறுகியது. மெல்லும் பற்களும் முளைத்திரா. நிலக்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை போன்றவை குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுக்கலாகாது.

குரல்வளைக்குக் கீழே மூச்சுக் குழல் தொடங்குகிறது. அது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமுள்ளது. குதிரை லாடம் போன்ற குருத்தெலும்பு வளையங்கள் 16 முதல் 20 வரை அதைத் தாங்கி, எப்போதும் திறந்திருக்கச் செய்கின்றன. வளையங்களின் பின்புறம் மூடப்படாமல் மென்மையாக இருக்கிறது. உணவுக் குழல் அங்கே அணைந்து கிடப்பதால், பெரிய கவளம் இறங்கும்போது அதற்கு இடங்கொடுக்க இந்த ஏற்பாடு உதவுகிறது.

இக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. காற்றில் நெல்வயல் அலைவதுபோல் இவை வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, தூசு ஒட்டிய சளிப்படலத்தை நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. நாம் உறங்கும்போதும் இந்தத் துப்புரவுப் பணி நிற்பதில்லை. பீடி, சிகரெட்டுப் புகை இந்த நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. பின் சளி தேங்குகிறது; அதை வெளியேற்ற இருமல் ஒன்றே வழியாகிறது. புகைப்பவரின் காலை நேரத்து இருமலுக்கு இதுவே காரணம். பழக்கத்தை விட்டொழித்தால் சில மாதங்களில் நுண்மயிர்கள் மீண்டும் தம் வேலையைத் தொடங்குகின்றன என்பது ஆறுதலான செய்தி.

மார்பின் நடுவில் மூச்சுக் குழல் இரண்டு கிளைகளாகப் பிரிந்து இரு நுரையீரல்களையும் சேர்கிறது. வலப்பக்க நுரையீரல் மூன்று மடல்களை உடையது. இடப்பக்கத்தது இதயத்திற்கு இடம் விட்டு இரண்டு மடல்களோடு அமைந்தது. கிளைகள் மேலும் மேலும் இரண்டிரண்டாகப் பிரிந்து, ஏறத்தாழ 23 தலைமுறை கடந்தபின் காற்றுச் சிற்றறைகளில் முடிகின்றன. தலைகீழாக நிறுத்திய ஒரு மரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மூச்சுக் குழல் அடிமரம், காற்றறைகள் இலைகள். ஒவ்வோர் அறையும் கால் மில்லிமீட்டர் அளவே உள்ளது. ஆனால் அவற்றின் எண்ணிக்கை 30 கோடிக்குக் குறையாது. எல்லாவற்றின் சுவர்களையும் விரித்துப் பரப்ப முடியுமானால் 70 சதுர மீட்டருக்கு மேல் வரும். நீளமும் அகலமும் ஆறாறு மீட்டர் கொண்ட இரண்டு வகுப்பறைகளின் தரையை அது மூடிவிடும். இத்தனை பெரிய பரப்பை ஒரு மார்புக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கும் திறத்தை என்னென்பது!

இந்த அறைகளை வலைபோல் நுண்ணிய இரத்தக் குழாய்கள் போர்த்தியிருக்கின்றன. இத்தாலி நாட்டு மால்பீகி 1661ஆம் ஆண்டில் தவளையின் நுரையீரலை நுண்பெருக்கியின் வழியே நோக்கி இவற்றைக் கண்டறிந்தார். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவர் பல இடங்களில் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அச்சுவரின் வழியாக வாயுக்கள், தாம் மிகுந்துள்ள பக்கத்திலிருந்து குறைந்துள்ள பக்கத்திற்குத் தாமே ஊடுருவிச் செல்கின்றன. காற்றில் பிராணவாயு மிகுதி. ஆகவே அது இரத்தத்துள் செல்கிறது. இரத்தத்தில் கரியமில வாயு மிகுதி. ஆகவே அது காற்றுக்கு வருகிறது. ஓர் இரத்த அணு இவ்விடத்தைக் கடக்க முக்கால் வினாடியே ஆகிறது. அதற்குள் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடும். இந்த இடத்தில் காவலர் எவரும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். மிகுதியும் குறைவும் மட்டுமே இங்குச் சட்டம்.

ஈரமான சிற்றறைகள் தம்முள் ஒட்டிச் சுருங்கிவிடாதபடி, சோப்பைப் போன்ற தன்மையுள்ள ஒரு பொருள் அவற்றின் உட்புறத்தில் சுரக்கிறது. கருவின் கடைசி வாரங்களில்தான் அது போதிய அளவு உண்டாகும். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இப்பொருள் குறைந்திருப்பதை 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவரும் ஜியர் மீட் என்பவரும் காட்டினார்கள். பின்னாளில் அப்பொருளையே மருந்தாக மூச்சுக் குழலில் செலுத்தும் முறை வந்தது. முற்காலத்தில் பிழைத்திருக்க இயலாத எத்தனையோ குழந்தைகள் அதனால் வாழ்கின்றன.

சரி, காற்றை உள்ளே இழுப்பது எது? நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவரிடம் இப்படிக் கேட்பதுண்டு: காற்று நுழைவதால் மார்பு விரிகிறதா, மார்பு விரிவதால் காற்று நுழைகிறதா? பெரும்பாலோர் முதலாவதையே சொல்வார்கள். கொல்லனுடைய துருத்தியைப் பார்த்து வரச் சொன்னால் விடை விளங்கிவிடும். துருத்தியை விரித்தால்தான் காற்று உள்ளே வரும். நுரையீரலில் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை இல்லை. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத்திரை, ஓய்வில் குடைபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். அது சுருங்கும்போது தாழ்கிறது, விலா எலும்புகள் உயர்கின்றன, மார்பறை விரிகிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல் மார்புச் சுவரோடு ஒட்டியுள்ள நுரையீரலும் உடன் விரிய, வெளிக்காற்று புகுகிறது. தசைகள் தளர்ந்ததும் நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்கிக் காற்றை வெளிவிடுகிறது.

இத்துருத்தியை இயக்கும் ஆணை மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்திலிருந்து வருகிறது. இங்கேதான் நாம் முக்கியமான ஓர் உண்மையைச் சந்திக்கிறோம். மூச்சை அடக்கிப் பாருங்கள். சிறிது நேரத்தில் தாங்க முடியாத தவிப்பு உண்டாகும். பிராணவாயு குறைவதால்தான் அந்தத் தவிப்பு என்று நாம் எண்ணுகிறோம். அன்று. கரியமில வாயு மிகுவதால்தான் அது உண்டாகிறது. பிரிட்டன் நாட்டு உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் தம் மாணவருடன் சேர்ந்து 1905ஆம் ஆண்டில் இதைத் தெளிவாக்கினார். பிராணவாயுக் குறைவை உணரும் சிற்றுறுப்புகள் கழுத்துத் தமனிகளில் உண்டு. ஆயினும் குறைவு மிகுந்த பின்னரே அவை வலுவாகக் குரல் எழுப்பும். சில வேளைகளில் அதற்குள் மூளை மயங்கத் தொடங்கிவிடும்.

இதன் விளைவை உலகுக்குக் கொடிய முறையில் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1875ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பிரான்சில் ஜெனித் என்னும் பலூனில் மூவர் வானில் ஏறினர். எட்டாயிரம் மீட்டருக்கு மேல் பலூன் சென்றது. உயரத்தில் காற்று நலிந்துவிடும் என்பதை அறிந்து பிராணவாயு கலந்த பைகளையும் அவர்கள் எடுத்துச் சென்றிருந்தனர். உயிர் பிழைத்தவர் திசாந்தியே என்பவர் மட்டுமே. தமக்கு அப்போது துன்பமே தோன்றவில்லை, இன்னதென்று அறியாத ஒரு மகிழ்ச்சியே இருந்தது என்றும், பிராணவாயுக் குழாயை எடுக்க எண்ணியபோது கையைத் தூக்க இயலவில்லை என்றும் அவர் பின்னர் எழுதினார். குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் என்னும் மற்ற இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருக்கவே மாண்டார்கள். பிராணவாயுக் குறைவு பகைவனைப்போல் வருவதில்லை, தாலாட்டுவதுபோல் வருகிறது.

பலூனில் ஏறுவோர் நம்மில் சிலரே. ஆனால் இதே ஆபத்து நம் ஊர்க் கிணற்றிலும் இருக்கிறது. கிணற்றில் முங்கி யார் நெடுநேரம் இருப்பது என்று சிறுவர் பந்தயம் வைப்பார்கள். மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால் கூடுதல் நேரம் தாங்கலாம் என்பது அவர்கள் எண்ணம். அப்படிச் செய்வதால் பிராணவாயு அதிகம் சேர்வதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. அதாவது எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றிவிடுகிறோம். நீருக்குள் தவிப்பு எழும் முன்பே பிராணவாயு தீர்ந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் இவ்வாறு இறந்ததுண்டு. பெற்றோரும் ஆசிரியரும் இதைச் சிறுவர்க்குச் சொல்லி வைக்க வேண்டும்.

இதைவிடக் கொடியது பாழுங்கிணறும் கழிவுநீர்த் தொட்டியும். நெடுநாள் மூடிக் கிடந்த இடத்தில் அழுகும் பொருள்கள் பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. காற்றறைகளின் சட்டத்தை நினைவுகூருங்கள். மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் செல்வது வாயுவின் இயல்பு. பிராணவாயு இல்லாத காற்றை மூச்சாக இழுத்தால், இரத்தத்தில் இருப்பதும் வெளியே போய்விடும். சில மூச்சுகளிலேயே மனிதன் சாய்ந்துவிடுவான். கழிவுத் தொட்டியிலோ ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவும் உண்டாகும். அது அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. ஆனால் செறிவு மிகுந்தால் மோப்ப நரம்பு மரத்துப் போக, நாற்றம் நின்றுவிட்டதுபோல் தோன்றும். தலைவாயில் காவலன் முதல் அடியிலேயே வீழ்ந்துவிடுகிறான்.

முதலில் இறங்கியவர் விழ, காப்பாற்ற இறங்கியவர் விழ, அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி மாள்வது அடிக்கடி நாம் கேள்விப்படும் துயரம். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய முறை பிராணவாயுக் குறைவை ஓரளவு காட்டும், நச்சுவாயுவைக் காட்டாது, எரிவாயு தேங்கியிருந்தால் தீப்பற்றவும் கூடும். முகத்தில் துணி கட்டுவது வீண். இல்லாத பிராணவாயுவைத் துணி எங்கிருந்து கொண்டுவரும்? தனிக் காற்றுக் கலத்தை முதுகில் தாங்கிய தீயணைப்புப் படையினரே இறங்கத் தக்கவர். 101 அல்லது 112 எண்ணில் அவர்களை அழைத்துவிட்டு மேலே நிற்பது கோழைத்தனம் ஆகாது. பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்ட குற்றம். எனினும் இச்சாவுகள் நின்றபாடில்லை. கூலி கொடுத்து ஒருவரை இறக்குபவர், அவருடைய மூச்சுக்குத் தாமே பொறுப்பு என்பதை உணர வேண்டும்.

மற்றொரு பகைவன் கார்பன் மோனாக்சைடு. கரி, விறகு, பெட்ரோல் முதலியன போதிய காற்றின்றி எரியும்போது அது உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் செந்நிறப் பொருள் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் அசதியுமே முதல் அடையாளங்கள். உறங்குபவருக்கு அவையும் தெரியா. ஹால்டேன் சுரங்கங்களில் இதை அறியச் சிற்றுயிர்களைப் பயன்படுத்தலாம் என்று சொன்னார். பிரிட்டனின் சுரங்கங்களில் 1986 வரை கானரிக் குருவிகள் இவ்வேலையைச் செய்தன. மனிதனுக்கு முன் குருவி சோர்ந்து விழும். நம் வீட்டில் அத்தகைய குருவி இல்லை. மலையூர்க் குளிரில் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதும், மூடிய அறையில் மின்னாக்கி எந்திரத்தை ஓட்டுவதும் சாவை அழைப்பதாகும்.

கடைசியாக, மெல்லக் கொல்லும் பகைவனாகிய நுண்புகை. மயிரிழையின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கினும் சிறிய துகள்கள் மூக்கையும் நுண்மயிர்களையும் ஏமாற்றிக் காற்றறை வரை சென்றுவிடுகின்றன. அங்கே விழுங்கும் அணுக்கள் அவற்றை எதிர்கொள்கின்றன. நாள்தோறும் புகை குவிந்தால் அவ்வணுக்கள் தோற்கின்றன. காற்றறைச் சுவர்கள் சிதைகின்றன. சிதைந்த அறைகள் மீண்டும் முளைப்பதில்லை. சாளரமில்லாத சமையலறையில் விறகுப் புகையை ஊதி ஊதியே காலங்கழித்த தாய்மார், ஒருநாளும் புகை பிடிக்காதவராயினும், முதுமையில் நாலடி நடக்கத் திணறுவது இதனால்தான். ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்க 2016இல் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டது. அடுப்பு மாறாத வீட்டில் ஒரு புகைபோக்கியாவது அமைத்துக் கொடுப்பது அவ்வீட்டு ஆண்மக்களின் கடமை.

நேயர்களே! தூசைத் தடுக்க மூக்கு இருக்கிறது. பருக்கையைத் தடுக்கக் குரல்வளை இருக்கிறது. சளியைத் தள்ள நுண்மயிர் இருக்கிறது. கரியமில வாயுவைக் கண்டு மணி அடிக்க முகுளம் இருக்கிறது. பிராணவாயுக் குறைவுக்கும் மணமற்ற நஞ்சுக்கும் நுண்புகைக்கும் போதிய காவலை இயற்கை நம் உடலில் வைக்கவில்லை. அந்த மூன்று வாயில்களிலும் அறிவுதான் காவல் நிற்க வேண்டும். நமக்கு மட்டுமன்று, நமக்காக உழைப்பவரின் மூச்சுக்கும் அதுவே காவல்.